சேய்தோகுவைக் கழுவும் நாள்

கையெழுத்துப் போடும்போது ஹட்சுவுக்குக் கல்லறை நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டாள். எங்கள் தீவில் மேய்ச்சல் நிலத்தை விற்பார்கள், வாங்குவார்கள். கல்லறையை யார் காகிதத்தில் எழுதினார்கள்? அது செத்தவர்களின் வீடு. நிலத்தோடு அதுவும் போய்விடும் என்று இங்கே எவருக்குத் தோன்றும்?

ஏவுகணை வண்டிகள் நிறுத்த ராணுவ முகாமுக்கு இடம் போதவில்லை என்றார்கள். எட்டு மாடுகளோடு தனியாக மல்லுக்கட்டிய எழுபது வயதுக்காரி, விட்டது தொல்லை என்று மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்துவிட்டாள். புருஷன் சேய்தோகுவை அந்த நிலத்துக் கல்லறையில் வைத்து அப்போது ஆறு வருஷம். ஏழாம் வருஷம் திறந்து, வீட்டுப் பெண்கள் எலும்புகளை அவமோரி சாராயத்தால் கழுவி ஜாடியில் வைக்க வேண்டும். தலையை மட்டும் பெண்டாட்டிதான் கழுவ வேண்டும். அதுவரை செத்தவன் முன்னோரில் சேர்த்தி இல்லை, வெறும் பிணம். நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் கல்லறையைச் சுற்றி வேலி வந்துவிட்டது.

பத்து நாள் முகாம் வாசலில் நின்றாள்.

"ஒரு பொழுது போதும் தம்பி. கழுவிட்டு வந்துடறேன்."

"மேலிடத்துல கேட்டிருக்கேம்மா," என்றான் பெருந்தீவிலிருந்து வந்த அதிகாரி நொகுச்சி. "நல்லபடியா செஞ்சு குடுப்போம்."

"கேட்டீங்களா அண்ணி?" என்றாள் கூட வந்த நாத்தனார் கியோ. "உங்க கையெழுத்துல எங்கண்ணன் ராணுவத்துல சேர்ந்துட்டான். உசுரோட இருந்தப்ப பட்டாசு வெடிச்சாலே கொட்டாய்க்குள்ள ஓடுவான்."

ஹட்சு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

குறித்த நாள் காலையில் இருவரும் சாராயமும் ஜாடியும் புதுத் துணியுமாகப் போனார்கள். நொகுச்சி விறைப்பான உடுப்பில் எதிரே வந்தான். வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை இரு கையாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தான்.

"துறவியை வெச்சு மந்திரம் சொல்லி, பக்கத்துத் தீவுல இருக்கிற தகன மேடைக்குக் கொண்டுபோய்..."

"எரிச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா. எங்க ஊர் வழக்கம் அதானே. உங்களுக்கு ஒரு சிரமமும் வேண்டாம்னுதான்."

அவன் மரியாதையாகத்தான் செய்திருந்தான். பாவி, அதனால் அவனைத் திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

ஹட்சு ரோட்டோரம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். "வேண்டாம் அண்ணி," என்று கியோ கையைப் பிடித்தாள். அவள் கையை உதறிவிட்டு, ஒரு வெள்ளை எலும்புத் துண்டை எடுத்துச் சாராயம் ஊற்றி மெல்லத் தேய்த்தாள். அது விரலுக்குள்ளேயே கரைந்து சேறாகிவிட்டது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கரைந்தது.

பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

"கியோ, உனக்காவது தெரியுதா பாரேன்," என்றாள். "இதுல அவர் தலை எது?"