பின் கதவைத் திறந்தவள்

எங்கள் ஆய்வகத்து மேசையில், கண்ணாடிப் பாட்டில் ஒன்றின் மேல் சாய்த்து வைத்திருந்த செல்போன்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. திரையின் இடது மூலையில் ஒரு கீறல். திரைக்குள் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா, ஒரு பெண் டாக்டர், அவள் கையில் இரும்புத் தாழ்ப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தம்பி நின்றான். கடிபட்டவன், இன்னும் சிறிது நேரத்தில் ஜாம்பியாக மாறப் போகிறவன். அவள் அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள். திரை கறுத்தது. தொடரின் முதல் சீசன் அத்தோடு முடிந்தது. பிசைந்த சோறு விரலில் காய்ந்து போக நாங்கள் மூன்று பேர் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மூன்று பேர் என்றால் நான், எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் மேடம், பக்கத்து அறை ஸ்டோர் அண்ணன். புத்தூரிலிருந்து சித்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்தோம். வரும் பழத்தைச் சோதிப்பது என் வேலை. ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் விட்டு இனிப்பின் அளவைப் பார்ப்பேன். இன்சார்ஜ் மேடம் என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். ஞாயிறு காலை கோயிலில் பாட்டுப் பாடிவிட்டு, மத்தியானம் ஜாம்பி பார்ப்பார். அந்த வெளிநாட்டுத் தொடர் தெலுங்கில் பேசியது, நாங்கள் தமிழில் சண்டை போட்டோம். போனில் அதற்கென்று ஒரு குழு வேறு இருந்தது. திருப்பதியிலும் குப்பத்திலும் இருந்த, முகம் தெரியாத ரசிகர்கள் எல்லாம் அதில் ஒருவரை ஒருவர் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டார்கள்.

சண்டை இதுதான். உயிர் தப்பியவர்கள் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறார்கள். வாசலில் வரிசை. ஒவ்வொருவரையும் உடம்பெல்லாம் சோதித்து, கடி இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே விட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே டாக்டர்தான். ஆனால் வரிசையின் கடைசியில் தன் தம்பி நிற்பதைப் பார்த்ததும், துணி வெளுக்கும் அறைக்குப் பின்னால் ஒரு கதவு இருப்பதை அவனுக்கு மட்டும் சொல்லிவிடுகிறாள். அவன் சோதனை இல்லாமல் ஓடி வருகிறான். கடி, சட்டைக் கைக்குள் இருக்கிறது. அது தெரிந்த பிறகு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள்.

"சட்டம் போட்டவளே சட்டத்த ஒடச்சா, வாசல்ல நிக்கிறவனுக்கு இன்னா மரியாத? லைன் அண்டே லைனே" என்பார் இன்சார்ஜ் மேடம். வரிசை என்றால் வரிசைதானாம். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். ஸ்டோர் அண்ணன் விடமாட்டார். "கூடப் பொறந்தவன வெளிய நிக்க வச்சிட்டு உள்ள சோறு துன்ன முடியுமா மேடம்? தெறந்தது தப்பில்ல. கடைசில சாத்துனா பாரு, அதான் பாவம்." நான் நடுவில் புகுந்து, திறந்ததும் சரி, சாத்தியதும் சரி என்றேன். "பரீச்சைல ரெண்டு விடையும் எழுதி வச்சிட்டு வர்ற ஆளு நீ" என்று மேடம் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் இடத்தில் இருந்தால் நானும் திறப்பேன், ஒரு தடவை இல்லை, நூறு தடவை திறப்பேன் என்று சவால் விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் சும்மாவா சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் மா கண்டபடி காய்த்தது. எங்கள் பக்கம் தோத்தாபுரி. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்பார்கள். ஆலையால் அரைத்து மாளவில்லை. வாசலிலிருந்து சாலை ஓரமாக டிராக்டர்கள் நிற்க ஆரம்பித்து, மூன்றாம் நாள் வரிசையின் வால் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்த வரிசையில் டோக்கன்படி விட்டால், முன்னால் நிற்கும் கல் போன்ற காய் உள்ளே போகும், பின்னால் நிற்கும் பழம் வெயிலில் அழுகும். ஆகவே பழுத்த வண்டிகளை முதலில் விடுவது என்று மேடம் முடிவு செய்தார். நியாயமான முடிவு. ஆனால் வெளியே சொன்னால் ரகளையாகும் என்று, தினமும் காலையில் நாங்கள் இருவரும் வரிசையில் நடந்து, பழுத்த வண்டிகளுக்கு மட்டும் சாக்பீஸால் குறி போட்டோம். தரம் பார்க்கிறார்கள் என்று விவசாயிகள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வரிசையில் என் அப்பா, என் நைனாவும் நின்றார். விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் நெல்லும் வேர்க்கடலையும்தான் பயிர். நைனா மட்டும் பிடிவாதமாக இரண்டு ஏக்கரில் மா வைத்தவர். அவர் வண்டியில் இருந்தது பச்சைக் காய். இன்னும் நான்கு நாளாவது நிற்க வேண்டும். சாலையில் படுத்து, புளிச்சோறு சாப்பிட்டு, அவர் இரண்டு நாளில் கறுத்துப் போயிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. பாய்லருக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தேன்.

"நைனா, லோடு மேல தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிடு, சூட்டுல சீக்கிரம் பழுத்துடும். பழுத்ததுதான் மொதல்ல உள்ள போவுது. யாருகிட்டயும் சொல்லாத."

"மூடுனா வெந்துபூடும்மா" என்றார்.

"ஒரு நாள்தான நைனா. நான் உள்ள இருந்து சொல்றேன் இல்ல?"

படித்த பெண் சொல்கிறாள் என்று, அவர் தன் முப்பது வருஷ அறிவை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தார்ப்பாயை எடுத்தார்.

மறுநாள் காலை நானும் மேடமும் அந்த இடத்துக்குப் போனபோது, நைனாவின் வண்டிக்கு அடியில் தார் ரோடு ஈரமாக இருந்தது. பழச்சாறு. ஈ மொய்த்தது. மேடம் தார்ப்பாயைத் தூக்கினார். சோற்றுப் பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது, கூடவே புளித்த வாடை. மேலே இருந்த காய் அரைப் பழம், கீழே எல்லாம் கூழ். அதைவிடப் பெரிய அடி அடுத்து விழுந்தது. நைனாவுக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, இரண்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தன. அவருடைய மகள் உள்ளே வேலை செய்கிறாள், காரணம் இல்லாமலா மூடுவார் என்று அவர்களும் மூடியிருக்கிறார்கள். அந்த இரண்டு லோடும் வெந்துபோயிருந்தன.

"யாருய்யா மூடச் சொன்னது?" என்று மேடம் கேட்டார்.

"யாரும் சொல்லல மேடம். வெயிலுக்கு பயந்துக்கினு நானேதான் மூடுனேன்" என்றார் நைனா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். என் வேலையும் தப்பித்திருக்கும். ஆனால் அந்த இரண்டு பேரும் தங்கள் பழத்தைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான்தான் சொன்னேன் மேடம்" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

மேடம் என்னைப் பார்த்தார். "அந்த டாக்டரம்மா பண்ண வேலையத்தான் நீயும் பண்ணிகீற."

வெட்கத்தில் செத்துப் போயிருக்க வேண்டியவள் நான். எனக்கோ கோபம் வந்தது. "தெறந்தது நான்தான் மேடம். ஆனா பின் கதவு வச்சது யாரு? பழுத்தது மொதல்ல போவும்னு நம்ம ரெண்டு பேருக்குதான் தெரியும். வாசல்ல நிக்கிறவங்களுக்கு தெரியாது. எல்லார்க்கும் தெரிஞ்சிருந்தா இவங்க ஏன் எங்க நைனாவப் பாத்து மூடப் போறாங்க?"

மேடம் மூன்று லோடும் திருப்பி அனுப்பப்படுகின்றன என்று சீட்டு எழுதச் சொன்னார். என் கையால், என் நைனாவின் பெயரை எழுதினேன். பிறகு மேடம் வாட்ச்மேனிடமிருந்து கை மைக்கை வாங்கிக்கொண்டு ஒரு வண்டியின் மேல் ஏறினார். முதலில் தெலுங்கில், அப்புறம் தமிழில் சொன்னார். பழுத்த லோடு முதலில் போகும். காயாக இருப்பவர்கள் எதிர்த் தோப்பு நிழலில் இறக்கிக்கொள்ளலாம், டோக்கன் செல்லும், கூப்பிடும்போது வந்தால் போதும். மூடிய வண்டி உள்ளே வராது. கூச்சல் கிளம்பியது. முன்னால் நின்ற சிலர் வண்டியைத் தட்டினார்கள். அவர் இறங்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார். சாப்பாட்டு நேரத்துக்குள் தோப்பில் இருபது லோடு இறங்கிவிட்டது.

இரண்டு மணிக்கு என் ஷிப்ட் முடிந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. கெட்டுப்போன மூன்று வண்டிகளுக்கும் போய், நல்ல காயைத் தனியாகப் பொறுக்கினேன். பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் தெலுங்கில் என்னைத் திட்டிக்கொண்டே கூடப் பொறுக்கினார். அவர் திட்டியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சிறிது நேரத்தில் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து கூடையை இழுத்தார். இன்சார்ஜ் மேடம். மேல் அடுக்கில் இருந்ததில் கால்வாசி தேறியது. மிச்சத்தைக் குப்பையில் கொட்டினோம். நைனா கடைசிக் கூடையைக் கொட்டியபோது நான் அழுதேன்.

அந்தத் தொடரைப் பற்றி எங்கள் சண்டை அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. மேடம் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அடுத்த சீசன் வந்தபோது போன் செய்தார். டாக்டர் திறந்தது தப்பு என்கிறார் இன்றுவரை. கதவை ஒளித்து வைத்ததுதான் தப்பு என்கிறேன் நான். இருவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, நகரப் போவதும் இல்லை.

இன்று திருப்பதிப் பக்கத்து ஆலை ஒன்றில் நான் இன்சார்ஜ். எந்தப் பழம் எந்த வரிசையில் போகும் என்று வாசலில் இரண்டு மொழியிலும் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யார் வந்தாலும் பலகையைக் காட்டுவேன். கல்நெஞ்சுக்காரி என்று பெயர். இருக்கட்டும். இந்த வருஷமும் பெரிய வரிசை. ஒரு நாள் சாயங்காலம் எடைச் சீட்டுகளைப் புரட்டியபோது ஒன்றில் என் நைனாவின் பெயர் இருந்தது. வந்து, இரண்டு நாள் நின்று, இறக்கிவிட்டு, ஊருக்கே போய்விட்டிருந்தார். போன் செய்தேன்.

"ஏன் நைனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"இன்னாத்துக்கு? உன் நைனான்னு தெரிஞ்சா, நான் வண்டிய நெழலுக்கு நவுத்துனாகூட பின்னாலயே நாலு பேரு நவுத்துவான்."

"அதுக்குன்னு ரெண்டு நாளு என் கண்ணுல படாமயா நின்ன?"

"நீ வந்தியே. நேத்து காலைல என் வண்டிகிட்டதான் நின்ன. வாடக வண்டி, உனக்கு அடையாளம் தெரில. ஒரு காய எடுத்து அமுக்கிப் பாத்த. 'இன்னும் ஒரு நாளு ஆவும், நெழலுக்கு போங்க'ன்னு டிரைவருகிட்ட சொன்ன. நான் தலைல துண்ட போட்டுக்கினு அந்தாண்ட திரும்பி நின்னுக்கினேன்."

சீட்டில் அவர் பெயரை இன்னொரு தடவை பார்த்தேன். அவரே பேசினார்.

"காய் கல்லு மாதிரி இருந்திச்சும்மா. சரியாத்தான் சொன்ன."