பந்திங் மண்ணில் கிடைத்த கார்பனேட்

என் நெற்றியில் இருந்த குற்றத்துக்காக இன்னொருவர் மேல் இரண்டு பக்கப் புகார் எழுதியவன் நான். அதுவும் அடிக்குறிப்புகளோடு.

பந்திங் செம்பனைத் தோட்டத்து பீட் மண்ணில் பாதி மக்கிக் கிடக்கும் இலையும் மரமும் என்னென்ன சேர்மங்களாக மாறியிருக்கின்றன என்பது என் ஆய்வு. மண்ணை ஒருவகை உப்போடு அரைத்து, பெல்லட் என்னும் சிறு வில்லையாக அழுத்தி, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துவோம். எந்தப் பிணைப்பு ஒளியை விழுங்குகிறதோ அதற்கு வரைபடத்தில் ஒரு முகடு எழும். எனக்கு எழுந்தது கார்பனேட்டின் முகடு. அந்த மண்ணோ கடும் அமிலம். கார்பனேட் விழுந்தால் நுரைத்துக் காணாமல் போய்விடும்.

உப்பில்தான் கலப்படம் என்று தீர்மானித்தேன். அந்த உப்பு இருந்தது ஆய்வுக்கூடப் பொறுப்பாளரான அம்மாளின் வசம். எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவர் கதவில் சீட்டு ஒட்டுவார், நான் படிக்காமல் கிழிப்பேன். அந்த மாதம் அவருடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். தெரிந்தேதான் துறைத்தலைவரிடம் புகாரைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அகச்சிவப்பு இயந்திரத்தில் என் முறை. வழக்கம்போல் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். அந்த அம்மாள் காத்திருந்தார்.

"மண்ணு போடாதீங்க சார். வெறும் உப்புல ஒரு பெல்லட் செய்ங்க."

செய்தேன். முகடு எழுந்தது.

"உங்க உப்போட லட்சணம்" என்றேன்.

அவர் கையுறை மாட்டி, அதே புட்டியிலிருந்து ஒன்று செய்தார். கார்பனேட்டின் இடத்தில் கோடு தட்டையாகக் கிடந்தது.

"யோசிக்கிறப்பல்லாம் நெத்தியத் தடவுறீங்க. கிளவ்ஸ் போடுங்கன்னு கதவுல எத்தன வாட்டி ஒட்டுறதுலா?" ஒரு காகிதத்தை நீட்டினார். "கொஞ்சம் உதுத்துங்க."

என் திருநீற்றில் மூன்றாவது பெல்லட் தயாரானது. கார்பனேட் முகடு இரட்டைக் கோபுரம்போல் நிமிர்ந்து நின்றது.

அன்றே புகாரைத் திரும்பப் பெற்றேன். அவருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"புகார எழுத்துலதான குடுத்தீங்க? இதையும் எழுத்துல குடுங்க."

இரண்டு பக்கம் உருகி எழுதினேன். நின்றபடியே படித்தவர் தாளை என்னிடமே நீட்டினார்.

"ரெண்டு பக்கமும் உங்களப் பத்தியேதான் இருக்கு சார்."