வெள்ளி டம்ளரில் புதினா ஜூஸ்

கல்யாணப் பேச்சில் எல்லா வீட்டிலும் சொல்வதை எங்கள் வீட்டிலும் சொன்னோம். பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை என்றார்கள். பெண்ணின் அப்பாவுக்கும் இல்லை என்றேன் நான், தரையைப் பார்த்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்விதான், “வேலை பெர்மனெண்டா?” தான் வேலை பார்க்கும் அமெரிக்காவில் அப்படி ஒன்று கிடையாதென்று தெரிந்தும் மாப்பிள்ளை தலையாட்டினார். நிலக்கரி மைன்ஸில் முப்பது வருஷம் போட்டவருக்கு வேறென்ன பதில் சொல்வது.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து மகளும் மாப்பிள்ளையும் முதல் தடவையாக எங்கள் மைன்ஸ் குவார்ட்டர்ஸில் பத்து நாள் தங்க வந்தார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் பேசியது மொத்தம் இரண்டு விஷயம். ஒன்று வெயில், இன்னொன்று சாப்டீங்களா. எங்களுக்கு ஒரே பெண். இவர்கள் இரண்டு பேரும் ஒட்டவில்லையென்றால் அவளும் மெல்ல மெல்ல ஞாயிற்றுக்கிழமை போன் ஆகிவிடுவாள்.

மாப்பிள்ளை ஒரு போர்பன் விஸ்கி பாட்டில் கொண்டுவந்திருந்தார். “ஃப்ரெண்ட் குடுத்துட்டானுங்க அத்தை. எனக்குப் பழக்கமில்லீங்க. மாமாவுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காச்சும்...” என்று இழுத்தார். “எனக்கும் ஆவாதுங்க மாப்ள” என்று சொன்ன என் வீட்டுக்காரர், குழந்தையைப் படுக்கவைப்பதுபோல அதை பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தார்.

கடைசி நாள் சாயங்காலம் மகள் தைக்கக் கொடுத்த ப்ளவுஸை வாங்க மெயின் பஜாருக்குப் போயிருந்தாள். இவர் சமையலறைக்கு வந்தார். “அந்த பாட்டில்லேர்ந்து கொஞ்சம் எதுலயாவது கலந்து குடேன். மாப்ளைக்குத் தெரியக் கூடாது.” அவர் போய்ப் பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வந்தார். “தப்பா நெனைக்காதீங்க அத்தை” என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். புதினா, சர்க்கரைப் பாகு, போர்பன், நொறுக்கிய ஐஸ், வெள்ளிக் கோப்பை. “மாமாவுக்கு மட்டும் தெரிய வேண்டாங்க.”

இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். அவருக்கு வெறும் புதினா ஜூஸ் கொடுத்துவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நான் வைத்த புதினா புதராக நின்றது. பறித்து நசுக்கினேன். பாகு என்றதும், அதிரசத்துக்குப் பழகிய கை உருட்டுப் பதம் வரைக்கும் விட்டுவிட்டது. ஐஸைத் துண்டில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் அடித்தேன். “என்னா சத்தம்?” என்று ஹாலிலிருந்து இவர் கேட்டார். “இஞ்சி நசுக்குறேன்” என்றேன். என் கல்யாணச் சீர் வெள்ளி டம்ளர்கள் இரண்டை எடுத்தேன். உள்ளே என்ன நிறம் என்று வெளியே தெரியாது, அதுதான் வசதி. பீரோவிலிருந்து பாட்டிலை எடுத்து இரண்டிலும் ஊற்றினேன். பாகு ஐஸில் பட்டதும் கல்கண்டாக இறுகிக்கொண்டது.

இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, பாகைக் கடக் கடக்கென்று கடித்துக் குடித்தார்கள். “உடம்புக்கு நல்லதுங்க” என்றார் மாப்பிள்ளை. “குளுகுளுன்னு கீது” என்றார் இவர். இரண்டாவது டம்ளர் கேட்டபோதும் அப்படியே, தனித்தனியாக வந்து, ரகசியமாகக் கேட்டார்கள்.

அது பாதி இறங்கியபோது மாப்பிள்ளையின் குரல் மாறியது. நான் சமையலறைக் கதவோரம் நின்றேன்.

“மாமா, எனக்கு வேலை போய் ரெண்டு மாசமாச்சுங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு உங்க பொண்ணு சொன்னா.”

பெர்மனெண்டா என்று கேட்ட மனுஷன் இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

இவர் வாயிலிருந்த பாகைக் கடித்து முழுங்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு சொல்றேன், உங்க அத்தைக்குத் தெரியாது. எங்க கல்யாணத்தப்ப நான் வெறும் கான்ட்ராக்ட். பெர்மனெண்ட்னு சொல்லித்தான் கட்டிக்கினேன். குவார்ட்டர்ஸ்ல வெள்ளையடிக்கிறாங்க, முடிஞ்சதும் போவலாம்னு சொல்லி ஏழு மாசம் முத்தாண்டிக்குப்பத்துல எங்க வூட்டுலயே வச்சிக்கினு இருந்தேன். அப்புறந்தான் பெர்மனெண்ட் ஆர்டர் வந்திச்சி. உங்களுக்கும் வரும் மாப்ள. வர்ற வரைக்கும் இது உங்க வூடு.”

மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் கண் கலங்கியது. அது மாப்பிள்ளைக்காகத்தான், பாதி. அந்த ஏழு மாசமும், அப்படி எத்தனை அறை உள்ள வீடு, எவ்வளவு சுண்ணாம்பு பிடிக்கிறது என்று வாசலில் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் இருப்பது இரண்டு அறை.

மூன்றாவது டம்ளரை எடுத்தேன். இது எனக்கு. மிச்சமிருந்த ஐஸைத் துண்டில் கொட்டி, கட்டையால் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

“இன்னும் என்னா சத்தம்?” என்று ஹாலிலிருந்து இவர் கேட்டார்.

“குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கிறேன்” என்றேன்.

ஹாலில் கடக் கடக் சத்தம் நின்றுபோனது.