முழுகப் போகிற கிணறு

எழுபதுகளின் கடைசியில், மாநிலங்கள் அனுப்பும் அணைத் திட்டங்களை எடைபோட்டுச் சிபாரிசு செய்கிற டெல்லி அலுவலகம் ஒன்றில் நான் ஸ்டெனோ. அணை கட்டலாமா என்பதற்கு அங்கே ஒரே பரீட்சைதான்: செலவைப்போல் ஒன்றரை மடங்கு பயன் வரவேண்டும். அதில் தோற்ற அணையை நான் பார்த்ததே இல்லை. தோற்கிற மாதிரி இருந்தால், எங்கள் அதிகாரி கேழ்வரகு விளைகிற காட்டில் கரும்பு விளையவைப்பார், நாற்காலியை விட்டு எழாமலே. அப்படியொரு விவசாயி!

அவரும் தமிழர். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்மாடி. இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவள் சேலம் பக்கத்துக்காரி. புருஷனுக்குக் கட்டட வேலை. இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்பிய காசில், ஊரிலிருந்த நிலத்தில் கிணறு வெட்டினார்கள்.

"தண்ணி கெடச்சிருச்சுக்கா! இன்னும் ரெண்டு வருசம். அப்புறம் இந்தக் குளுருக்கும் ஒங்க பாத்திரத்துக்கும் ஒரு கும்புடு," என்று சிரித்தாள்.

அந்த வருஷமே அவள் ஊரை மூழ்கடிக்கும் அணை ஒன்று எங்களிடம் வந்தது. கிணற்றுப் பாசன நிலத்துக்கு நஷ்டஈடு அதிகம். அதைச் செலவில் சேர்த்தால் அணை தேறவில்லை.

"எல்லாத்தையும் மானாவாரின்னு போடும்மா," என்றார் அதிகாரி.

"கிணறு இருக்கே சார். நம்ம வீட்டுக்கு வர்றவளோடதும் அதுல இருக்கு."

"முழுகப் போற கிணறு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஜல்தி அடி, மீட்டிங் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வானம் பார்த்த பூமிக்குக் கொடுப்பது கிணறு வெட்டிய கூலிக்கே காணாது, நான் அடிக்கமாட்டேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்.

அணை ஜம்மென்று தேறியது. அன்று அவர் வீட்டில் பாயசம், என்னையும் அழைத்தார்கள். சமையலறையில் உருளி தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் அவரே ஒரு டம்ளரை நீட்டினார்.

"உங்க ஊருக்குப் பெரிய அணை வருது. குடி."

அவள் வாயெல்லாம் பல்லாக ஒரு வாய் குடித்தாள். "எங்க கெணறும் ரொம்புங்களா ஐயா?"

"பேஷா ரொம்பும்."

பாவி மனுஷன்! "ஊரே முழுகப் போகுதுடி! உன் கிணறு இல்லவே இல்லைன்னு எழுதிட்டாங்க," என்று கத்திவிட்டேன்.

அவள் என்னை நம்பவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "ஐயா, எட்டிப் பாத்தாலே தண்ணி தெரியுமுங்களே. யாராச்சும் வந்து பாத்தாங்களா?"

"சாங்ஷன் ஆயிடுச்சும்மா," என்றார் அவர், மீசையைத் துடைத்தபடி.

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "பேச்செல்லாம் அப்புறம். ஜல்தி தேய், குழாயில தண்ணி நின்னுடும்."

அவள் மிச்சப் பாயசத்தை ஒரே மடக்கில் குடித்தாள். கொட்டினால் திட்டு விழும். பிறகு அந்த டம்ளரையும் சேர்த்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.