பங்குனியில் காலியாகும் ஏரி

எனக்குப் பறவைகள்மேல் ஆசை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னைத் தெரிந்த சிலர், "அந்தக் காலத்திலேயே ஏரிக்குப் போய்ப் பறவை பார்ப்பீர்களாமே" என்று கேட்கிறார்கள். பார்த்தவர் என் வீட்டுக்காரர். நான் அவருக்காகப் போனவள். போனேன் என்பதும்கூட முழு உண்மை இல்லை.

அவர் விழுப்புரம் ஜங்ஷனில் தந்தி குமாஸ்தாவாக இருந்தார். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்களுக்குக் கல்யாணமானது. ஓய்வு நாளில் மற்ற குமாஸ்தாக்கள் படுத்துத் தூங்குவார்கள். இவர் விடிவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலியனூர்ப் பக்கத்து ஏரிகளைச் சுற்றக் கிளம்பிவிடுவார். வேலையை விட்டுப் போன ஒரு ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டு கொடுத்த தூரக்கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு பக்கக் கண்ணாடியில் கீறல். அதனால் வலது கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். பார்த்ததை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுவார். தேதி, ஏரியின் பெயர், பறவை, எத்தனை.

ஐப்பசியில் பறவைகள் வந்து இறங்குவதை ஊரில் எல்லோரும் கவனிப்பார்கள். இவருக்கு வேண்டியது மாசியும் பங்குனியும். தெற்கே எங்கேயோ பனிக்காலத்தைக் கழித்த கூட்டங்கள் வடக்கே திரும்பும் வழியில் எங்கள் பக்கத்து ஏரிகளில் தங்கும். பத்துப் பதினைந்து நாள் மேயும். பிறகு ஒரு சாயங்காலம் எழும்பிப் போய்விடும். மறுநாள் போனால் தண்ணீர் மட்டும் இருக்கும்.

"வர்றது கொஞ்சம் கொஞ்சமா வரும். போறது ஒரே நாள்ல போயிடும். அந்த நாளைப் பிடிக்கணும்" என்பார்.

எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். யோசித்துவிட்டு, "தெரிஞ்சிக்கத்தான்" என்றார். அவர் குணம் அதுதான். அதிகம் பேசமாட்டார். நாள் முழுக்கத் தந்தியில் பேசிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச என்ன மிச்சம் இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

யுத்தத்தின் நடுவில் அவருக்கு இருமல் பிடித்தது. சிப்பாய்கள் போகும் வண்டிகள் இரவும் பகலும் ஓடிய சமயம், குமாஸ்தாக்களுக்கு ஓய்வே இல்லை. அதனால் வந்த இருமல் என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. டாக்டர் அது சயரோகம் என்றார். இவர் வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே வேலைக்காகத் தனியாக இருந்தேன், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையும் கொஞ்சம் வெளியிடமும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். காற்றோட்டமாகப் படுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வெளியிடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, அதற்குள் கட்டில் போட்டேன்.

முதல் வருஷம் மெதுவாக நடந்து ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்குப் போய்வந்தார். இரண்டாவது வருஷம் மாசி பிறந்தபோது கட்டிலிலிருந்து கிணற்றடிக்குப் போகவே நடுவில் ஒரு தடவை உட்காரவேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் கஞ்சி கொடுக்கும்போது கேட்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வர்றியா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"மூணு தெரிஞ்சாப் போதும். நாமக்கோழி கறுப்பா இருக்கும், நெத்தியில வெள்ளை. ஊசிவால் வாத்துக்கு வாலு கூரா நீட்டிக்கினு இருக்கும். இதுங்களைவிடச் சின்னதா, கூட்டமா இருக்குறது கிளுவை. எத்தினின்னு எண்ணிக்கினு வா."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் எதையும் கேட்கிறவரில்லை. பாலுக்கும் முட்டைக்கும் நான் அலைவதைப் பார்த்துவிட்டு, பசியில்லை என்று பொய் சொல்கிறவர்.

அப்போது என் நாள் எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். விடியுமுன் எழுந்து அவருடைய எச்சில் குவளையைப் பினாயில் விட்டுக் கழுவவேண்டும். அவர் தட்டு, டம்ளர், துணி எல்லாவற்றையும் தனியாகக் கொதிக்க வைக்கவேண்டும். அவருக்குக் கஞ்சி. எனக்குக் கேப்பைக் கூழ். பிறகு அறுபது பெண் பிள்ளைகள். மத்தியானம் ஓடிவந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடவேண்டும். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்பது சாயங்காலம். படுத்தால் அவர் இருமல். அவர் இருமாமல் இருந்தால் ஏன் இருமவில்லை என்று பயம். உதவிக்கு யாரும் வரமாட்டார்கள். நோய்க்குப் பயந்து சபை ஜனங்கள்கூட வேலிக்கு அந்தப் பக்கமே நின்று ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

இதோடு இப்போது ஏரியும் சேர்ந்தது. ஒன்றரை மைல் போக, ஒன்றரை மைல் வர.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் எண்ணினேன். ஏரிக்கரையில் நின்று, அவருடைய தூரக்கண்ணாடியில் இடது கண்ணால் மட்டும் பார்த்து, பத்துப் பத்தாக எண்ணுவேன். பாதி எண்ணும்போது கூட்டம் எழும்பி இன்னோர் இடத்தில் உட்காரும். திரும்ப முதலிலிருந்து எண்ணவேண்டும். பெருமுக்கல் மலைப் பக்கம் வெளுத்து, தண்ணீர்மேல் வெளிச்சம் பரவும். அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு நினைவில் இருப்பது குதிகால் வெடிப்பில் மண் ஏறி வலித்ததுதான்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் மதகுக்குப் பக்கத்தில் பனைமரத்தடியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யாரோ தோளைத் தொட்டதும் விழித்தேன். கோரைப்புல் அறுக்க வரும் ஒரு பெண், தலையில் கட்டோடு குனிந்து நின்றாள். அந்த ஏரியில் புல் அறுத்து ஊருக்குள் மாடு வைத்திருப்பவர்களுக்குப் போடுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம்.

"டீச்சரம்மா, எழுந்திருங்க. வெயிலு ஏறிடுச்சு. இஸ்கூலுக்கு நேரமாவலியா?"

எழுந்து ஓடினேன். அன்று சாயங்காலம் அவர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். முந்தின நாள் சொன்ன எண்ணிக்கையோடு கொஞ்சம் கூட்டி, "கிளுவை நூத்தி நாப்பது, நாமக்கோழி அறுபது, ஊசிவால் இருபத்திரண்டு" என்றேன். எழுதிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

மறுநாள் மதகுக்குப் போனதும் நேராகப் படுத்துவிட்டேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் யாரும் இருமவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வருஷம் நான் தூங்கிய தூக்கம் அதுதான். புல் அறுக்கிறவள் தன் கட்டைக் கட்டி முடித்ததும் என்னை எழுப்பிவிடுவாள். ஏன் இங்கே வந்து தூங்குகிறேன் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும், "வூட்ல ஐயாவுக்கு எப்படிக் கீது?" என்றாள். அப்படியே இருக்கிறது என்றேன். "இங்க பாம்பு வரும், அந்தாண்ட படுங்க" என்று மேட்டுப் பக்கம் இடம் காட்டினாள்.

பொய் சொல்வதிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரே எண்ணைச் சொல்லக்கூடாது. ஒரு நாள் கூட்டுவேன், இரண்டு நாள் குறைப்பேன். பங்குனி பிறந்ததும் கிளுவையை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தேன். அதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது.

பங்குனி நடுவில் ஒரு காலை, என்னை எழுப்பிவிட்டு அவள் சொன்னாள்.

"தாராவெல்லாம் போயிட்டுது, பாத்தீங்களா?"

எல்லா வாத்தையும் அவள் தாரா என்றுதான் சொல்லுவாள். எழுந்து நின்று பார்த்தேன். ஏரி சும்மா கிடந்தது. கரை ஓரமாகச் சில நாமக்கோழிகள் இருந்தன.

"எப்போ போச்சு?"

"முந்தாநேத்து காலீல இருந்துது. நேத்து இல்ல."

நேற்று அவரிடம் கிளுவை தொண்ணூறு என்று சொல்லியிருந்தேன்.

போனதைச் சொல்லிவிடத்தான் வேண்டும். நேற்றே ஏரி காலி, நான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்வது ஒரு வழி. இன்றுதான் காலியாக இருந்தது என்று ஒரு நாளைத் தள்ளிச் சொல்வது இன்னொரு வழி. அவர் வருஷக்கணக்காகப் பிடிக்க நினைக்கும் அந்த நாளைத் தப்பாகச் சொல்ல மனம் கூசியது என்று இங்கே எழுதினால் எனக்கு நல்ல பெயர். அப்படி எதுவும் தோன்றவில்லை. பறவை போய்விட்டது என்று சொன்னால் நாளையிலிருந்து நான் ஏரிக்குப் போக முடியாது. அது ஒன்றுதான் தோன்றியது.

சாயங்காலம் "கிளுவை எண்பத்தஞ்சு" என்றேன். எழுதினார்.

இப்படி ஒன்பது நாள் போயிற்று. இல்லாத பறவைகளை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பத்தாவது நாள் எண்ணைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுக்கவில்லை.

"போதும். கிளுவை போயாச்சு" என்றார்.

கழுவிய குவளையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"பத்துப் பதினோரு நாளைக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை உனக்குத் தையல் கிளாசு இருந்துது, லேட்டா வந்தே. வெளிச்சம் மங்குற நேரம். நான் இப்படியே படுத்துக்கினு இருந்தேன். கொட்டகைக்கு மேல போச்சு. ரெண்டு கூட்டம். சிறகுச் சத்தம் நல்லாக் கேட்டுது. எழுந்து வெளிய வந்து பாத்தேன். வடக்கே போய்க்கினு இருந்துது."

புதன்கிழமை. புல் அறுக்கிறவள் சொன்ன கணக்குக்குச் சரியாக இருந்தது.

"அப்புறம் ஏன் எழுதினீங்க?" என்றேன்.

"நீ சொன்னே, எழுதினேன்."

"நான் பொய் சொல்றேன்னு தெரியுமா?"

"முன்னாடியே தெரியும். முதுகுல மண்ணு இருக்கும், தலையில புல்லு இருக்கும்." கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார். "வேணாம்னு சொன்னா நீ எங்க போய்த் தூங்குவே?"

இந்த இடத்தில் நான் அழுதிருக்கவேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையும் ஒரு பறவை மாதிரி கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு மாதமாக நான் கூனிக்குறுகிப் பொய் சொன்னதெல்லாம் வீண். எண்ணிக்கை யோசித்துக்கொண்டே நடந்ததெல்லாம் வீண். ஒரு வார்த்தை, 'போ, தூங்கிட்டு வா' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. குவளை கழுவினேன், கஞ்சி கொடுத்தேன், துணி கொதிக்க வைத்தேன். பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவரே, "ஏரிக்குப் போயிட்டு வா" என்றார்.

போனேன். பனைமரத்துப் பக்கம் மேட்டில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவருக்குத் தெரிந்து தூங்குவது வேறாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். ஏரி பாதி வற்றிச் சேறு தெரிந்தது. சேற்றில் உள்ளான்கள் குத்திக் குத்தித் தின்றுகொண்டு இருந்தன. சின்னக் குருவிகள், மண்ணின் நிறம். வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். அவை அதிகம் நகராததால் எண்ணிக்கை தப்பவில்லை.

வீட்டுக்கு வந்து, "உள்ளான் பதினேழு" என்றேன்.

"இன்னுமா போவலை?" என்று கேட்டு நோட்டை எடுத்தார். அவை சித்திரை முதல் வாரம்வரை இருந்தன. பதினேழு, பதினைந்து, ஒன்பது. ஒரு நாள் நாலு. மறுநாள் ஒன்றுமில்லை. அந்த எண்கள் எல்லாம் உண்மை. அவருக்கு அதில் சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை. பேச்சு மறுபடி பழையபடி ஆகிவிட்டது, அதாவது கொஞ்சமாக.

வெயில் காலம் முழுக்கத் தாக்குப்பிடித்தார். ஆடிக் காற்று ஆரம்பித்ததும் தளர்ந்துவிட்டார். ஆவணியில் ஒரு மத்தியானம், நான் வகுப்பில் இருந்தபோது, போய்விட்டார். பள்ளிக்கூட ஆயா வந்து கதவருகில் நின்றாள். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து அவர் படுக்கை, துணி, ஓலைக் கொட்டகை எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். நோட்டும் அதோடு போயிற்று. தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புல் அறுக்கிறவள் எப்படியோ கேள்விப்பட்டு வந்தாள். வேலிக்கு வெளியே நிற்காமல் உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சாயங்காலம்வரை இருந்துவிட்டு, மாட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று எழுந்து போனாள்.

பெரிய டீச்சர் எனக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தார். அந்த ஏழு நாளும் தூங்கினேன். யாராவது சோறு கொண்டுவந்து எழுப்பினால் சாப்பிடுவேன், திரும்பப் படுப்பேன். துக்கத்தில் கிடக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை மறந்துபோயிருந்தார்கள். முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.