வசனத்துக்கு முந்தின வரி

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கையெழுத்தால் நான் பட்ட பாட்டைக் கேட்டால் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயம். ஒவ்வொரு வருஷமும் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் வேத வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். பயணத்தைப் பற்றிய வசனம் வந்தது என்று ஊருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தவர் உண்டு. பகைவரைப் பற்றி வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரை வருஷம் முழுக்க ஒரு மாதிரியாகப் பார்த்தவரும் உண்டு.

அந்த அட்டைகளை எழுதியது நான்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. எனக்கு முன்னால் எழுதிய அம்மாள் விட்டுப்போன பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் வரிசையாக வசனங்கள், எந்த இடத்தில் வருகிறது என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லாமல். அந்த அம்மாளும் வேறொரு நோட்டைப் பார்த்து எழுதினாராம். டிசம்பர் பிறந்தால் நான் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவேன். வேதத்தைத் திறந்ததே இல்லை. எங்கள் வீட்டு வேதம் அலமாரி உச்சியில், வெள்ளைத் துணி சுற்றி, பிறப்புப் பத்திரங்களையும் பழைய ரசீதுகளையும் பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் தீவுக்குச் சுயாட்சி வந்த ஐம்பத்தொன்பதாம் வருஷ டிசம்பரில், அட்டை வாங்க வழக்கமான கடைக்குப் போனேன். பேனா, காகிதம் விற்கும் முஸ்லிம் கடை. கடைக்காரருக்கு என் அண்ணன் வயது இருக்கும். மாதிரிக்கு நான் கொண்டுபோயிருந்த பழைய அட்டையின் அளவுக்கு வெட்டிக்கொண்டே அதைப் படித்தார்.

"நல்லா இருக்கே. யாரும்மா சொன்னது?"

"ஆண்டவர் சொன்னது பாய்."

"சரி, யாருகிட்ட சொன்னாரு?"

"எல்லார்கிட்டயும்தான்" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தாளை வெட்டினார். கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதில்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிண்டல் செய்திருந்தால் நாலு வார்த்தை கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். வீடு வரும் வரைக்கும் 'யார், யாரிடம்' என்று அந்தக் கேள்வி செருப்பில் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே வந்தது. ஆனாலும் அந்த வருஷ அட்டைகளையும் பழையபடியே நோட்டைப் பார்த்து எழுதி முடித்தேன். சோம்பல், வேறென்ன?

இங்கே அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர், செம்பவாங் கடற்படைத் தளத்து ஊழியர் கோட்டர்ஸில் வளர்ந்த இந்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் மனதார ஞானஸ்நானம் எடுத்தார். எங்கள் வீட்டிலேயே முழங்கால் தேய ஜெபித்தவர் அவர்தான். முதல் பிள்ளை ஆண். ஏழாம் மாதத்தில் காய்ச்சல் கண்டது. பார்க்க வந்த அண்ணியின் அம்மா, மனசு கேட்காமல் பேரன் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

பிடாடாரிக் கல்லறையில் அடக்கம் முடிந்து வந்த அன்றே, மாதர் சங்கத் தலைவி எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். சபையே அவரைப் பெரியம்மா என்று கூப்பிடும். "கயிறு கட்டுன கையிம்மா. ஆண்டவர் எரிச்சலுள்ளவரு. சும்மா விடுவாரா?"

பெரியம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைக்காதீர்கள். அன்று எங்கள் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனால் அந்த வார்த்தை அண்ணிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணி தன் அம்மாவோடு பேசவில்லை. அந்த அம்மா இரண்டு தடவை பஸ் ஏறி எங்கள் மாடிப்படி வரைக்கும் வந்தார். இரண்டு தடவையும் அண்ணி உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அந்தப் புத்தாண்டில் அண்ணிக்கு மறுபடியும் இரண்டு மாதம். தட்டு வந்தது. அண்ணி ஓர் அட்டை எடுத்தார். தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்ற கருத்துள்ள வசனம். பெரியம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "பாத்தியா! உனக்குன்னே வந்திருக்கு. இந்தப் பிள்ள நிக்கும். மறுபடி கயிறு கியிறுன்னு யாரையும் கிட்ட சேக்காத" என்றார். அண்ணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நிலைக்கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தார். தலை வாரும்போதெல்லாம் முணுமுணுப்பார்.

என் கையெழுத்து தினமும் என்னைப் பார்த்தது. யார் சொன்னது? யாரிடம்?

உபதேசியாரைக் கேட்டேன். "வேதத்துல இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றார். போதகரைக் கேட்டேன். "சங்கீதமா இருக்கும்னு நினைக்கிறேன், பாத்துச் சொல்றேன்" என்றார். நல்ல மனிதர், நான்கு இடங்களில் ஆராதனை நடத்துபவர், மறந்துபோனார். கடைசியில் நானே அலமாரி மேலிருந்து புத்தகத்தை இறக்கினேன். "என்னடி திடீர் பக்தி?" என்றார் அம்மா. "பக்தி இல்லம்மா, தேடுறேன்" என்றேன். "தொலைச்சியா என்ன?" என்றார்.

சங்கீதம் முழுக்கப் படித்தேன், இல்லை. நீதிமொழிகள், இல்லை. தீர்க்கதரிசிகளில் நுழைந்தால் வெளியே வர மாதக்கணக்கானது. பஸ்ஸில் படித்தேன், தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வரைக்கும் நின்று படித்தேன். என்னவோ நமக்குத் தெரிந்த புத்தகம் என்றுதான் நினைத்திருந்தேன். அட, எத்தனை சண்டை, எத்தனை பொய், எத்தனை குடும்பத் தகராறு! ஞாயிறுதோறும் காதில் விழுந்த வரிகள் எல்லாம் யாரோ ஒருவர் வாயிலிருந்து, ஏதோ ஒரு நெருக்கடியில் வந்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. வசனத்தைத் தேடுவதே சில நாள் மறந்துபோகும்.

மார்ச் மாதம் ஒரு பிற்பகல் அது கிடைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாவற்றையும் ஒருசேர இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல மனிதரின் கதை அது. ஆறுதல் சொல்ல நண்பர்கள் வருகிறார்கள். எங்கள் அட்டையில் இருந்த வசனத்தைச் சொல்வது கடவுளே இல்லை. அந்த நண்பர்களில் ஒருவர். அதற்குச் சற்று முந்தின வரியில் அதே வாயால் அவர் சொல்கிறார்: உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் மாண்டார்கள். நீ இனி ஒழுங்காக இருந்தால் எல்லாம் பெருகும்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இதையா எழுதிக் கொடுத்தேன்?

உடனே நான் செய்தது என்ன தெரியுமா? மேற்கொண்டு படிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, வேறொரு நல்ல வசனத்தை அதே அளவு அட்டையில் எழுதினேன். அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்துக் கண்ணாடியிலிருந்து பழையதை உருவினேன். திரும்பினால் அண்ணி, தோளில் துண்டோடு நிற்கிறார்.

"எதுக்கு எடுக்கற?"

"பழசாயிருச்சு அண்ணி, புதுசு..."

"பொய் சொல்லாத லா. உன் மூஞ்சியே சொல்லுது. என்ன போட்டிருக்கு வேதத்துல அந்த எடத்துல?"

எனக்குக் கையெழுத்து வாய்த்த அளவுக்குப் பொய் வாய்க்கவில்லை. அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அண்ணி மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாத்தியா. வேதத்துலயே போட்டிருக்கு. பெரியம்மா சொன்னது சரிதான். எங்கம்மாவும் நானும் சேர்ந்துதான் அவனக் கொன்னோம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியானேன். அண்ணி அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளும் கஞ்சித் தண்ணீர்தான். நான்கு மாத வயிறு. அண்ணன் என்னிடம், "உன்னை யாரு தேடச் சொன்னா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அழுது முடித்த பிறகுதான் புத்தி வந்தது. ஏன்டி, பாதியில்தானே மூடினாய்? முந்தின வரியைப் படித்தாய், பிந்தின பக்கங்களைப் படித்தாயா? அரைக் கிணறு தாண்டினவள் உள்ளேதானே விழுவாள்? பள்ளிவிட்டு வந்ததும் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னும் மிச்சம் இருக்கு அண்ணி. முடிவு தெரியாம விட முடியாது. நீங்க கேக்காட்டியும் சத்தமாத்தான் படிப்பேன்" என்றேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை.

ஒரு வாரம் படித்தோம். அந்த நண்பர்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், அப்படிப் பேசுகிறார்கள்! ஒருவர் விட்டால் அடுத்தவர். மூன்றாம் நாள், நெத்திலி மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த அண்ணி திடீரென்று, "இவனுங்க எல்லாம் நம்ம மாதர் சங்கத்து ஆளுங்கதானா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அண்ணியும் லேசாகச் சிரித்தார். அந்த மனிதர் மட்டும் விடாமல் கடவுளையே நோக்கிக் கேட்கிறார்: ஏன், எதற்காக, எனக்குச் சொல்லும். இப்படியெல்லாம் கேட்கலாமா என்று அண்ணிக்கு ஆச்சரியம். எனக்கும்தான்.

கடைசியில் கடவுளே பேசுகிறார். கேள்வி கேட்டவரையும் அவர் லேசில் விடவில்லை, உனக்கு என்ன தெரியும் என்று திணற அடிக்கிறார். ஆனால் அவருடைய கோபம் மூண்டது பதில் சொன்னவர்கள் மேல். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, போய் அவனையே உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள் என்கிறார்.

"நிறுத்து" என்றார் அண்ணி. "அந்த எடத்த மறுபடி படி."

படித்தேன்.

"இது யாரு சொல்றது? நல்லாப் பாத்துச் சொல்லு."

"ஆண்டவர்தான் அண்ணி. அவரேதான்."

"பாவத்துனாலதான் பிள்ள செத்துச்சுன்னு சொன்னாங்களே, அவங்க மேலதான் கோபமா? அந்த ஆளு மேல இல்லையா?"

"அவங்க மேலதான்."

அண்ணி மீன் நாறும் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு வருஷமாக அவர் அழுததெல்லாம் பயத்தில் அழுதது. அன்றைக்குத்தான் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன், அது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிறு அந்த அட்டையைப் பெரியம்மாவின் கையில் கொடுத்து, "இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் படிச்சுப் பாருங்க பெரியம்மா, நானும் கூட உக்காந்து படிக்கிறேன்" என்றார் அண்ணி. பெரியம்மாவின் முகம் சுருங்கியது. ஆனால் மூன்று வாரம் கழித்து அவராகவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்படித்தான் எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கும் வழக்கம் வந்தது. அந்த வருஷ டிசம்பரில் அட்டைகளின் பின்பக்கம், யார் யாரிடம் எப்போது சொன்னது என்றும் எழுதினேன். கை ஒடிந்தது. பழைய நோட்டிலிருந்த பல வசனங்கள் தேறவில்லை. ஆகஸ்டில் பிறந்த என் மருமகள் அப்போது தொட்டிலில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள்.

ஆனால் எனக்கு மறக்காதது அதற்கெல்லாம் முந்தின ஒரு சனிக்கிழமை. அண்ணி சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்பு. புஸ்தகத்த எடுத்துக்க" என்றார். எங்கே என்று கேட்டேன். "செம்பவாங்" என்றார்.

இரண்டு பஸ். கோட்டர்ஸ் பொதுக் குழாயடியில் அந்த அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். மகளையும் வயிற்றையும் பார்த்ததும், வரவேற்க எழுந்தவர் கிட்டே வரவில்லை. ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நான் ஒன்னும் கட்ட மாட்டேன் தாயி" என்றார். "தொடக்கூட மாட்டேன்."

அண்ணி அப்படியே போய் அந்தக் கைகளை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தார். "உன் கயித்துனால இல்லம்மா. அவன் போனது உன் கயித்துனால இல்ல."

"யாரு சொன்னா?" என்றார் அந்த அம்மா. "நான் தெனமும் என் கையப் பாத்துப் பாத்துச் சாகுறேனே. யாருடி சொன்னா?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து, அந்தக் கதையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.