சுக்குக் காப்பி குடித்த குதிரை

குதிரைக்குக் காப்பி ஊத்தினவன் வீடு எது என்று கேட்டால் புளியந்தோப்பில் யாரும் பீம்ராவ் வீட்டைக் காட்டுவார்கள். சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

பீம்ராவ் இருபது வருஷம் ரேஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன். தேய்த்துக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, நடத்திக்கொண்டு போவது எல்லாம் அவன்தான். கடைசியாக அவன் கையில் வளர்ந்தது ஒரு செம்பட்டைப் பெண்குதிரை. காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர். இவனுக்கு மல்லி. ஆறு ரேஸ் ஜெயித்தாள். ஆனாலும் பீம்ராவுக்குக் கவலை ஓயவில்லை. ரேஸ் முடிந்த பெண்குதிரையை நல்ல பண்ணை எடுத்துக்கொண்டால் குட்டி போட்டுக்கொண்டு புல்வெளியில் காலம் தள்ளும். இல்லாவிட்டால் எவன் கேட்டாலும் தள்ளிவிடுவார்கள். "பெரிய கப்பை ஜெயிச்சா நல்ல பண்ணைக்கு அனுப்புறேன்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ரேஸுக்கு முதல் நாள் மல்லிக்கு இருமல். டாக்டரிடம் சொன்னால் ஓட விடமாட்டார். வீட்டுக்கு வந்து புலம்பினான்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? சுக்குக் காப்பி வச்சித் தரேன், எடுத்துகினு போ" என்றாள் மனைவி ரமாபாய்.

வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் அதுதானே மருந்து. வாசனைக்கு நாலு கரண்டி காப்பித்தூளையும் அள்ளிப் போட்டாள், மகராசி. காலையில் பிளாஸ்கோடு போய்த் தவிட்டில் ஊற்றிக் கலந்தான். மல்லி வாளியை நக்கித் தீர்த்தாள்.

ஜெயித்தாள், சும்மா பறந்து ஜெயித்தாள். ஜெயித்த குதிரையின் மூத்திரத்தைச் சோதனைக்கு எடுப்பார்கள். குதிரைக்காரன் சீட்டி அடித்தால்தான் அது பெய்யும். பீம்ராவே சந்தோஷமாகச் சீட்டி அடித்து, டாக்டருக்குப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தான்.

சோதனையில் காப்பி மாட்டிக்கொண்டது. ரேஸ் குதிரைக்கு அது தடை செய்த ஊக்க மருந்தாம். கப்பைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். விசாரணையில் பீம்ராவ் உள்ளதை உள்ளபடி சொன்னான். கேட்டுச் சிரித்துவிட்டு, அவனுக்கு இனி லாயத்தில் வேலையே கிடையாது என்று எழுதினார்கள். முதலாளி மல்லியை ஏதோ ஒரு சோப்ளாங்கிப் பண்ணைக்குத் தள்ளிவிட்டார். முதல் குட்டி செத்துப் பிறந்ததாம். அப்புறம் மூன்று வருஷம் சினையே நிற்கவில்லையாம். மணலி குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டே இதையெல்லாம் காதில் வாங்கினான் பீம்ராவ்.

போன மாசம் யானைக்கவுனியிலிருந்து மஹீன் பாய் ஆள் அனுப்பினார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். மல்லி இப்போது அவரிடம்தான் இருக்கிறாள் என்றதும், பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடினான்.

மல்லி நின்றாள். முன்னங்கால் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"பேண்டு சத்தத்துல மிரண்டு தார் ரோட்ல வுயுந்துடுச்சி நைனா. இனிமே தேறாது. வெளியூர்க்காரன் ஒருத்தன் வாங்கிகினான்."

"இன்னாத்துக்கு பாய்?"

பாய் வாசலில் நின்ற லாரியைக் காட்டினார். கால் போன குதிரையை வெட்டுக்குத்தான் வாங்குவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"காலைலருந்து நாலு பேரு இஸ்த்துகினு கீறோம், லாரில ஏற மாட்டேங்குது. நீ சொன்னா கேக்கும்னாங்கோ."

பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான். லாரிக்காரன் கையில் கட்டை இருந்தது. பீம்ராவ் மல்லியின் கயிற்றை வாங்கிக்கொண்டு, "வாம்மா" என்றான். லாரிக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகையில் அவன் முன்னால் ஏறினான். நொண்டிக்கொண்டே அவளும் பின்னால் ஏறினாள்.